சார்ட்டில் வாழைப்பழம் மஞ்சள், கடையில் செவ்வாழை: நிறம் கற்பிப்பது பற்றி ஒரு திறந்த மடல்

அங்கன்வாடி மையங்களுக்கு முன்பருவக் கல்விப் பொருள்களைத் தேர்ந்து வாங்கும் அலுவலர்களுக்கும், மேற்பார்வையாளர்களுக்கும், பாயில் உட்கார்ந்து பிள்ளைகளோடு அன்றாடம் மல்லுக்கட்டும் பணியாளர், உதவியாளர் சகோதரிகளுக்கும் வணக்கம்.

ஆப்பிளுக்குக் கீழே சிவப்பு, வாழைப்பழத்துக்குக் கீழே மஞ்சள், இலைக்குக் கீழே பச்சை என்று அச்சடித்த சார்ட் ஒன்று மையத்துச் சுவரில் தொங்கும். குச்சியை வைத்தால் பிள்ளைகள் ஒரே குரலில் நிறத்தைச் சொல்வார்கள். பார்வையிட வருபவருக்குக் கேட்க இதமாகத்தான் இருக்கும். அதே பிள்ளையிடம் ஒரு செவ்வாழையைக் கொடுத்து நிறம் கேளுங்கள். “மஞ்சள்” என்று பதில் வந்தால் பிள்ளையைத் திருத்த வேண்டாம். அது சார்ட்டைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. நம் ஊர்ப் பழக்கடையில் செவ்வாழை, பூவன், பச்சை வாழை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. பச்சை வாழை நம் வெக்கையில் தானாகப் பழுத்தால் உள்ளே கனிந்தும் தோல் பச்சையாகவே நிற்கும். வாழைப்பழத்தைக் காட்டி மஞ்சளைச் சொல்லிக்கொடுக்க இதைவிடப் பொருந்தாத ஊர் கிடையாது.

சார்ட்டின் கோளாறு அச்சில் இல்லை. நிறம் தனியாக நிற்கும் பொருள் கிடையாது, பொருளின் மேல் ஒட்டியிருக்கும் குணம். ஆப்பிளைக் காட்டி “சிவப்பு” என்றால் இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அது பழத்தின் பெயரா, உருண்டையாக இருப்பதன் பெயரா, தின்பதற்கான பெயரா என்று தெரிய வழியில்லை. கண்ணில் குறை எதுவும் இல்லை. சில மாதக் குழந்தையே நிறங்களைப் பிரித்துப் பார்க்கிறது. சொல்லைப் பொருளிலிருந்து உரித்து நிறத்தின் மேல் வைப்பதுதான் கடினம். மூன்று, மூன்றரை வயது வரை அது தடுமாறுவது இயல்பு. இந்த உரிக்கும் வேலைக்கு உதவும் பொருளையும் விளையாட்டையும் பெட்டியில் வையுங்கள், சார்ட்டுக்கான பணத்தை அதற்குத் திருப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நிறம் மட்டும் மாறவேண்டும், வடிவமும் அளவும் மாறக்கூடாது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் நிறப் பலகைகள் இந்த ஒரே விதியில் நிற்பவை. முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் இரண்டிரண்டாக ஆறு பலகை. இரண்டாவதில் 11 நிறம், 22 பலகை. மூன்றாவதில் 9 நிறத்துக்கும் ஏழேழு சாயல், ஆக 63. பலகைகளுக்குள் நிறத்தைத் தவிர வேறெந்த வித்தியாசமும் கிடையாது. அந்தப் பெட்டிகளை ஒவ்வொரு மையத்துக்கும் வாங்கச் சொல்லவில்லை, விலை அதிகம். அதே வேலையைப் பார்க்கும் சரக்கு எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் அலமாரி நிறைய இருக்கிறது: ரவிக்கைத் துணி.

மேட்சிங் சென்டரில் டூ பை டூ துணி ஏறக்குறைய 90 செ.மீ. அகலத்தில் வரும். ஒரு நிறத்தில் 20 செ.மீ. வெட்டித் தரச் சொன்னால் 10 செ.மீ. சதுரம் 18 கிடைக்கும். ஆறு நிறத்துக்கு 108 சதுரம். இருபது பிள்ளைகள் உள்ள மையத்துக்கு இது தாராளம். துணியை முதலில் உப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசிக் காயவையுங்கள், சாயம் போகும் துணி அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பழைய தினசரிக் காலண்டர் அட்டையை அதே அளவுக்கு வெட்டி, துணியை மேலே ஒட்டுங்கள். வெறும் துணியாக விட்டால் ஓரம் பிரிந்து நூல் தொங்கும். பிள்ளைக்கு நிறத்தைவிட அந்த நூலை இழுப்பதில்தான் கவனம் போகும். அட்டையின் பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைத்தாள் ஒட்டவேண்டும். காலண்டரில் இருந்த சாமி படத்தை அப்படியே விட்டால் பிள்ளை படத்தைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கும்.

வாங்கப் போகிறவர் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயில் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். சேலைக் கரைக்கு ரவிக்கை எடுக்கும் எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டியூப்லைட்டில் நீலமும் மயில் பச்சையும் ஒன்றுபோல் ஏமாற்றும். மையத்திலும் இதே விதிதான்: நிற விளையாட்டுக்குச் சன்னலோரம் பாயைப் போடுங்கள், முற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பளீர் பச்சையோ ரோஸோ அடித்த சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம். சுவரின் சாயல் வெள்ளை அட்டையில்கூட ஏறும்.

விளையாட வைப்பதில் படி மூன்று. முதல் படியில் பெயரே வேண்டாம். சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு, ஆக நான்கே அட்டை. “இதே மாதிரி இன்னொன்று எங்கே?” என்று கேட்டால் போதும். இரண்டு வயதுப் பிள்ளைகூடச் செய்யும். தப்பாக வைத்தால் “ஊஹூம்” என்று சொல்லாமல் இரண்டையும் பக்கத்தில் ஒட்டி வைத்துக் காட்டுங்கள், கண்ணே திருத்திக்கொள்ளும். இரண்டாவது படியில் பெயரை நாம் சொல்லி, பொருளைப் பிள்ளை எடுக்கவேண்டும்: “நீலத்தை எடுத்துக் கொடு கண்ணு, சிவப்பைப் பாட்டி மடியில் வை.” மூன்றாவது படியில்தான் “இது என்ன நிறம்?” என்ற கேள்வி. நாம் பெரும்பாலும் இந்த மூன்றாவதிலிருந்துதான் தொடங்குகிறோம், முதல் நாளிலேயே. கேள்வியில் தோற்ற பிள்ளை அடுத்த நாள் வாயே திறக்காது. இரண்டாவது படி மட்டும் இரண்டு மூன்று வாரம் போகலாம், அதில் நட்டம் ஒன்றும் இல்லை.

முதலில் எடுக்கும் இரண்டு நிறமும் எட்ட எட்ட இருக்கட்டும். சிவப்பும் நீலமும் நல்ல ஜோடி. சிவப்பும் ஆரஞ்சும், நீலமும் ஊதாவும் கடைசியில் வரவேண்டியவை. “இந்த வாரம் சிவப்பு வாரம்” என்று ஒரே நிறத்தை ஏழு நாளும் காட்டுவது பார்வைக்கு அழகு, பாடத்துக்கு உதவாது. பக்கத்தில் சிவப்பு இல்லாத ஒன்று இருந்தால்தானே சிவப்பு என்பது எது என்று புரியும்?

அடுத்தது, பேசும் முறை. மைக்கேல் ராம்ஸ்கரும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நிறச் சொல்லைப் பொருளின் பெயருக்கு முன்னால் வைத்தும் பின்னால் வைத்தும் பழக்கிப் பார்த்தார்கள். பின்னால் கேட்ட பிள்ளைகள்தான் தேறினார்கள். காரணம் எளிது. “பந்து” என்று கேட்டதுமே கண் பந்துக்குப் போய்விடுகிறது. அதன்பின் வரும் சொல் அந்தப் பந்தைப் பற்றிய சேதியாக விழுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வாக்கியத்தை வளைக்கவேண்டும், நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. “இந்தப் பந்து சிவப்பு. இந்தப் பந்து நீலம்.” வினைச்சொல்கூட இல்லாமல் வாக்கியம் நிறத்தில் போய் முடிகிறது. “சிவப்புப் பந்தைப் பார், சிவப்புப் பூவைப் பார்” என்று கோர்ப்பதைக் குறைத்து, “பந்து சிவப்பு, பூ சிவப்பு, உன் சட்டை சிவப்பு” என்று பழக்குங்கள். பயிற்சிக் கையேட்டில் இதற்கு நான்கு வரி ஒதுக்கினால் போதும். செலவே இல்லாத மாற்றம் இது.

தமிழில் நமக்கென்று சில சிக்கல்கள் உண்டு, கையேடுகள் அவற்றைத் தொடுவதே இல்லை. மஞ்சள் என்பது கிழங்கும்தான், நிறமும்தான். பச்சை என்றால் நிறம் மட்டுமா? பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை, பச்சை நிலக்கடலை என்று நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நாள் முழுக்கப் பிள்ளையின் காதில் விழுகிறது. வெள்ளாடு பெரும்பாலும் கறுப்பாகத்தான் மேய்கிறது. இதையெல்லாம் பிள்ளைக்கு விளக்கப் போகவேண்டாம், ஆனால் தடுமாறினால் காரணம் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்கட்டும். உண்மையான குழப்பம் ஊதாவில்தான். புத்தகத்தில் ஊதா என்றால் கத்தரிப்பூ நிறம். பல ஊர்களில் நீலத்தையே ஊதா என்பார்கள். வீட்டில் ஆத்தா ஊதா என்று காட்டியதை மையத்தில் நீலம் என்றால் பிள்ளை யாரை நம்பும்? பெற்றோர் கூட்டத்தில் நூல்கண்டுகளை வைத்து “இதை இங்கே என்ன சொல்வீர்கள்?” என்று முதலில் கேட்டுவிட்டு, மையத்துக்கு ஒரு பெயரை முடிவு செய்துகொள்ளுங்கள். “ரெட்டு”, “புளூ” என்று சொல்லும் பிள்ளைக்கு நிறம் தெரியும். அதைத் தப்பு என்று குறிக்கக்கூடாது. “ஆமாம், சிவப்பு” என்று தமிழ்ச் சொல்லைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இனி விரலால் தீட்டும் வண்ணக் குழம்பு. இருபது பிள்ளைக்கு மைதா 150 கிராம், தண்ணீர் 900 மி.லி., கல்லுப்பு இரண்டு தேக்கரண்டி. மைதாவை 300 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதி 600 மி.லி. கொதிக்கும்போது கரைசலை ஊற்றி, சிறு தீயில் ஐந்து நிமிடம் விடாமல் கிண்டினால் மாவு நிறம் மாறிக் கண்ணாடிபோல் மினுங்கும். அங்கே இறக்கவேண்டும். அடுப்பில் தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருந்தால், ஆறியதும் சரியான பதத்துக்கு வரும். அடுப்பிலேயே கெட்டியாக்கினால் ஆறியபின் களியாகி, விரலில் இழுபடாமல் கட்டி கட்டியாக வரும். கட்டி விழுந்தால் டீ வடிகட்டிக்கு அடங்காது, மாவு சல்லடையில் தேய்த்து எடுங்கள். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மறுநாள் புளித்த வாடை வரும், எறும்பும் சாரி கட்டும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறோம். சுவரொட்டி ஒட்டுபவர்களும் பைண்டிங் கடைக்காரர்களும் பசை கெடாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க மயில்துத்தம் போடுவதுண்டு. அது விஷம். “நாலு நாள் நிற்கும்” என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கடைப் பசையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

குழம்பைக் கொட்டாங்குச்சிகளில் பிரியுங்கள். அடியில் பிரிமணை வைத்தால் உருளாது. ஒரு கொட்டாங்குச்சிக்கு மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, இன்னொன்றுக்குத் துருவிப் பிழிந்த பீட்ரூட் சாறு இரண்டு மேசைக்கரண்டி. நீலத்துக்குச் சங்குப்பூ: 20 பூவைக் காம்பு கிள்ளி 100 மி.லி. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். பீட்ரூட் சாற்றைச் சூடான குழம்பில் ஊற்றினால் நிறம் மங்கிப் பழுப்படிக்கும், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். மஞ்சளைத் தூளானாலும் கிழங்கானாலும் நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். பளபளப்புக்காக ஈய குரோமேட் கலந்த மஞ்சள் பிடிபட்டதுண்டு, ஈயம் சிறு பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பதம் பார்க்கும். இந்த இயற்கைச் சாயங்களில் வரைந்த தாள் வெயில் பட்டால் சில நாளில் வெளுக்கும். மேற்பார்வையாளர் வரும்வரை சுவரில் நிற்கவேண்டும் என்று நினைப்பவருக்கு இது குறைதான்.

கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் பெயரில்லாத ரோஸ் பொடியைத் தொடவே வேண்டாம். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி கண்டுபிடிக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்கு 2024 பிப்ரவரியில் தடை வந்தது நினைவிருக்கும். துணிக்கும் தோலுக்கும் போடும் சாயம் அது. கலர் கோலப்பொடியும் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது, மூக்கில் ஏறும். சாயம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், உரிம எண் அச்சிட்ட உணவு நிறப் புட்டி.

கலவை என்பது நான்கு வயதுக்கு மேல். அதில் அடிக்கடி தோற்கும் இடம் ஊதா. “சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா” என்று சார்ட் சொல்கிறது. பிள்ளை கலக்கினால் சேறு வருகிறது. காரணம், நாம் கொடுக்கும் சிவப்பு. செங்கல் சாயலோ ஆரஞ்சுச் சாயலோ உள்ள சிவப்பில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மஞ்சளும் நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பழுப்புதான். ரோஸ் சாய்ந்த சிவப்பு வேண்டும். பீட்ரூட் அப்படிப்பட்டது, சங்குப்பூவோடு சேர்ந்தால் நல்ல ஊதா தரும். காவி போட்டால் ஒருநாளும் வராது. பச்சைக்கு நான்கு கரண்டி மஞ்சளை முதலில் வைத்து நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நீலத்தில் மஞ்சளை ஊற்றினால் கிண்ணம் காலியாகும்வரை நீலம் விட்டுக்கொடுக்காது. ஒரு வேளைக்கு இரண்டு நிறம் மட்டும் கொடுங்கள். மூன்றாவது கிண்ணத்தை வைத்த அன்று இருபது தாளும் ஒரே சேற்று நிறத்தில் முடியும்.

கை அழுக்காகாமல் செய்ய வழி உண்டு. தடித்த பிளாஸ்டிக் கவரில் இரண்டு கரண்டி மஞ்சள் குழம்பு, அரைக் கரண்டி நீலம், காற்றை வெளியேற்றி வாயை இரண்டு மடிப்பாக டேப் ஒட்டித் தரையில் பதியுங்கள். பிள்ளை மேலே அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, நடுவில் ஒரு கீற்றாகப் பச்சை பிறந்து, விரல் போகும் பக்கமெல்லாம் கிளை விடும். வண்ண ஜெலட்டின் பேப்பரை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சன்னலில் பிடிப்பது இன்னும் சுலபம்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். அதை மையத்தில் செய்து காட்ட ஆசை வரும், சுண்ணாம்பு வேண்டாம். கண்ணில் தெறித்தால் கருவிழியை வேகவைத்துவிடும். மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டால் செம்பழுப்பாகும், எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை விழுந்தால் நீலம் ஊதாவாகும். பிள்ளைகள் “இன்னொரு தடவை” என்று விடமாட்டார்கள், எலுமிச்சையைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

காய்கறி அச்சுக்கு வெண்டைக்காயும் உருளைக்கிழங்கும் போதும். வெட்டியதும் முக்கினால் ஈரத்தில் வண்ணம் வழுக்கி உருவம் வராது. வெட்டுவாயைத் துணியில் ஒற்றி, பத்து நிமிடம் விடுங்கள். வண்ணத்தைத் தட்டில் ஊற்றாமல் நனைத்த பஞ்சில் ஏற்றி அதில் ஒற்றவேண்டும். வாழைத்தண்டு அழகான வட்டம் தரும். ஆனால் அந்தக் கறை சட்டையை விட்டுப் போகாது, மாலையில் அம்மாக்களுக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

பூ, விதை சேகரித்து நிறம் பிரிப்பது நல்ல விளையாட்டு. எதை விடவேண்டும் என்ற பட்டியல் முதலில் கையில் இருக்கட்டும். அரளி எந்த நிறத்திலும் வேண்டாம், ஊமத்தை வேண்டாம், எருக்கின் பால் கண்ணுக்கு ஆகாது. குன்றிமணி சிவப்பும் கறுப்புமாகப் பாடம் நடத்தவே செய்துவைத்ததுபோல் இருக்கும். மென்றால் உயிரைக் குடிக்கும் விஷம். மூன்று வயதுக்குக் கீழே விதையும் பாசிமணியும் எதுவுமே கூடாது. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கும் என்பது பொம்மைப் பாதுகாப்பு விதி. தண்ணீர்ப் புட்டி மூடி ஏறக்குறைய 30 மி.மீ.தான். மூடிகளைச் சேர்த்து நிறம் பிரிக்கும் யோசனை கையேடுகளில் வருகிறது. அதை நான்கு வயதுக்கு மேல் என்று திருத்துங்கள்.

வண்ணம் தீட்டும் புத்தகம் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை: கோட்டுக்குள் நிற்கும் பயிற்சி அது, நிறப் பாடம் ஆகாது. வெறுந்தாளும் மெழுகு கிரேயானும் போதும். கிரேயானை முழுசாகக் கொடுத்தால் முஷ்டியில் பிடிப்பார்கள். காகிதத்தை உரித்து, மூன்று செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுத்தால் வேறு வழியில்லாமல் விரல்நுனியில் பிடிப்பார்கள். வாயில் போடும் வயதுக்கு மட்டும் துண்டு வேண்டாம், தடித்த முழுக் கிரேயான்.

தெருவில் ஆடும் “கலர் கலர், என்ன கலர்?” விளையாட்டை உள்ளே கொண்டுவாருங்கள். மூன்று வயதுக்காரர்களுக்கு நிறத்தின் பெயரைச் சொல்லும்போதே துணி அட்டையையும் தூக்கிக் காட்டுங்கள், பெயர் தெரியாத பிள்ளையும் ஓடித் தொடமுடியும். ஆறு மாதம் கழித்து அட்டையை மறைத்துக்கொள்ளலாம். பிடிபட்டால் ஆட்டத்தை விட்டு வெளியே என்ற விதியை எடுத்துவிடுங்கள். நிறம் தெரியாத பிள்ளைதான் முதலில் வெளியேறி, மிச்ச நேரமெல்லாம் சுவரோரம் உட்கார்ந்திருக்கும்.

மதிப்பீட்டு அட்டை பற்றி ஒன்று. “நிறம் அறிவான்: ஆம், இல்லை” என்று ஒரே கட்டம் போதாது. ஜோடி சேர்க்கிறான், கேட்டால் எடுக்கிறான், பெயர் சொல்கிறான் என்று மூன்று கட்டம் வேண்டும். மூன்றிலும் மற்ற நிறங்கள் சரியாக வந்து, பச்சையும் பழுப்பும், நீலமும் ஊதாவும், ரோஸும் சாம்பலும் மட்டும் நாலரை வயதிலும் மாறி மாறி விழுந்தால் அது சோம்பல் இல்லை, நிறக்குருடாக இருக்கலாம். அது எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கு உண்டு. முதல் படியான ஜோடி சேர்ப்பதிலேயே தடுமாறுவது முக்கியமான அறிகுறி. பெயர் தெரியாத பிள்ளை ஜோடியைச் சரியாகச் சேர்த்துவிடும். பிள்ளை எதிரில் எதுவும் சொல்லாமல் குறித்து வைத்து, ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவின் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கிரேயானில் நிறப் பெயரின் முதலெழுத்தைக் கீறிக் கொடுக்கலாம்.

அடுத்த கொள்முதலுக்கு நாங்கள் கேட்பது: ஒரு மையத்துக்கு ஆறு நிறத்தில் தலா 20 செ.மீ. ரவிக்கைத் துணி, தடித்த கிரேயான் இரண்டு பெட்டி, வெறுந்தாள் 500, ஆறு நிற ஜெலட்டின் பேப்பர், மாதம் ஒரு கிலோ மைதாவுக்கும் மஞ்சள், பீட்ரூட்டுக்கும் சில்லறைச் செலவு அனுமதி. பொம்மை வாங்கினால் ஐ.எஸ். 9873 தரமுத்திரை உள்ளதாக மட்டும். 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். மரச்சாமானுக்கு உள்ளூரில் வண்ணம் அடிக்கச் சொன்னால், பெயின்ட் டப்பாவில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இல்லை என்ற அச்சைப் பார்த்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே தொங்கும் சார்ட்டைத் தூக்கி எறியவேண்டாம். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, திருப்பி மாட்டினால் நான்கு பிள்ளைகள் சேர்ந்து விரலால் வரைய இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
முன்பருவக் கல்விப் பயிற்றுநர்கள் சிலர்